ஏரி சீரமைப்புக்குத் தந்த பணம் பலன் தந்ததா?

வாலாஜாபாத் வட்டாரத்தில் பாலாறு பக்கத்தில் ஓடினாலும் விவசாயிகள் பெரிதும் நம்பியிருப்பது ஏரிகளைத்தான். தென்னேரி போன்ற பெரிய ஏரியும், ஊர்தோறும் உள்ள சிற்றேரிகளும் நிரம்பினால்தான் சம்பாவுக்குப் பின் நவரையும் கைக்கு வரும்.

ஏரிகளைச் சீர் செய்ய அரசும் அறக்கட்டளைகளும் பணம் தருகின்றன. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, ஏரி விவசாயிகளை ‘வயலகம்’ என்ற சங்கங்களாகச் சேர்த்து இப்பணியைச் செய்கிறது. தமிழக அரசு 2017-ல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் விவசாயிகளின் பங்கு 10 சதவீதம் என்று வைக்கப்பட்டது. எனவே பலனைக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

வேலை முடிந்ததும் ரசீதும் புகைப்படமும் அனுப்புவது வழக்கம். அவை பணம் செலவானதற்குச் சான்று; பயிர் விளைந்ததற்குச் சான்று அல்ல. பலனை அறியக் கீழ்க்கண்ட முறையைக் கையாளலாம்.

வேலைக்கு முன்பே குறிப்பு எடுக்கவும்

முந்தைய 3 ஆண்டுகளின் அடங்கலைப் பார்த்து, ஆயக்கட்டில் சம்பா எத்தனை ஏக்கர், நவரை எத்தனை ஏக்கர் என்று எழுதி வைக்கவும். மேல்மடை, நடு, கடைமடை ஆகிய இடங்களில் இரண்டிரண்டு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளக்கவும். வேலை முடிந்த பிறகு இந்த விவரங்களை ஞாபகத்திலிருந்து எழுதினால் கணக்கு சரியாக இராது.

மண் கணக்கு

ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழம் வண்டல் எடுத்தால் 43,560 கன அடி, அதாவது சுமார் 435 யூனிட் மண் வெளிவர வேண்டும். லாரி நடைகளைத் தினமும் குறித்து வந்தால் இதைச் சரிபார்க்கலாம். அந்தப் பள்ளத்தில் சுமார் 12 லட்சம் லிட்டர் நீர் கூடுதலாக நிற்கும். ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பருவம் முழுவதும் சுமார் 48 லட்சம் லிட்டர் தேவை. ஆக, 4 ஏக்கர் பரப்பில் ஒரு அடி தூர் எடுத்தால், ஏரி ஒரு முறை நிரம்பும்போது கிடைப்பது ஒரு ஏக்கர் நெல்லுக்கான நீர்தான். ஆவியாவதும் கசிவதும் இதில் சேரவில்லை.

இதனால்தான் தூர் எடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் ஆழப்படுத்திய ஏரிக்கு நீர் வராது. மதகு ஒழுகினால் வந்த நீரும் தங்காது. பல இடங்களில் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இவ்விரண்டு வேலைகளே.

மழையின் பங்கைக் கழிக்கவும்

2015-ல் பெய்த பெருமழையில் தூர் வாராத ஏரிகளும் கலங்கல் வழிந்தன. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, சீர் செய்த ஏரிகளும் வறண்டன. ஆகவே ஒரே ஆண்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. சீர் செய்யாத பக்கத்து ஊர் ஏரி ஒன்றையும் அதே ஆண்டுகளில் கவனித்து வரவும். அங்கே நவரை 10 ஏக்கர் கூடி, நம் ஊரில் 30 ஏக்கர் கூடியிருந்தால், வேலையின் பலன் என்று சொல்லத்தக்கது 20 ஏக்கர்தான்.

கடைமடையைப் பாருங்கள்

மொத்த ஏக்கர் கூடியிருந்தாலும், அந்த நீர் முழுவதும் மதகை ஒட்டிய நிலங்களுக்கே போயிருக்கலாம். கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் எட்டியதா என்று விசாரிக்க வேண்டும். எட்டவில்லை என்றால், அடுத்த தவணைப் பணத்தைத் தூர் எடுப்பதில் போடாமல் வாய்க்கால் சீரமைப்பிலும் முறைப் பங்கீட்டிலும் செலவிடுவது நல்லது.

ஊரார் முன் கணக்கு

வாலாஜாபாத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டி உள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்ததை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமில்லை என்பது விதி.

அந்த விதியை நாமும் பின்பற்றலாம். ஆண்டுதோறும் நவரை அறுவடைக்குப் பின் ஊரைக் கூட்டி, செலவு, மண் அளவு, கிணற்று மட்டம், கடைமடை விளைச்சல் ஆகிய நான்கையும் படித்துக் காட்டவும். பலன் குறைவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். அடுத்த ஆண்டுப் பணத்தை எந்த வேலையில் போடுவது என்பதை அந்தக் கணக்கைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.