மூன்று பேருக்கும் ஒரே கோர்ஸ் வேண்டாம்

கேள்வி: ஜனவரியில் கணவர், 11 வயது மகனோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கில் ஐந்து நாள் தங்கல். எனக்கு நீச்சல் தெரியும்; கணவருக்குத் தெரியாது. ஒருநாள் ஸ்கூபா போதுமா, சான்றிதழ் கோர்ஸே முடித்துவிடலாமா? சான்றிதழ் தரும் பேடி, எஸ்எஸ்ஐ அமைப்புகள் இரண்டில் எது நல்லது? சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. ஐந்தாம் நாள் காலை ஒரு டைவ் முடித்து, ஃபெர்ரி பிடித்து, அன்றே சென்னை விமானம் ஏறத் திட்டம்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கணவருக்கு ஒருநாள் டைவ்தான். நீச்சல் தெரியாதவர்களையும் அதில் சேர்க்கிறார்கள். ஆழமில்லாத நீரில் ரெகுலேட்டர் வழியாக மூச்சுவிடப் பழக்குவார்கள். பிறகு இன்ஸ்ட்ரக்டரே பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போவார். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். முடிவில் தரும் சான்றிதழ் வீட்டில் மாட்டிவைக்கத்தான். அதைக் காட்டி வேறெங்கும் டைவ் பண்ண முடியாது. மகனும் இந்த முறை அப்பாவோடு போகட்டும். 10 வயதிலேயே ஜூனியர் கோர்ஸ் உண்டு என்றாலும், அவனாகக் கேட்கும்வரை பொறுக்கலாம்.

நீங்கள் சான்றிதழ் தரும் ஓப்பன் வாட்டர் கோர்ஸில் சேருங்கள். மூன்று, நான்கு நாள் ஆகும். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும், கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். தியரியைத் திருச்சியிலேயே ஆன்லைனில் முடித்துவிடுங்கள். அங்கே போய் அறைக்குள் வீடியோ பார்ப்பானேன்?

பேடியா எஸ்எஸ்ஐயா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டின் சான்றிதழ் அட்டையும் எங்கும் செல்லும். கேட்க வேண்டியது, ஒரு இன்ஸ்ட்ரக்டரிடம் எத்தனை பேர் என்பதை. எட்டுப் பேர் வரை விதி அனுமதிக்கிறது. நான்கைத் தாண்டினால் நான் வேறு டைவ் கடை பார்ப்பேன். காரணம், மாஸ்க் பயிற்சி. நீருக்கடியில் மண்டியிட்டு, மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மேல்விளிம்பை அழுத்திப் பிடித்தபடி மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறியதும் பலரும் பதறி மேலே பாயப் பார்ப்பார்கள். அந்த நொடியில் இன்ஸ்ட்ரக்டரின் கை உங்கள் தோளுக்கு எட்ட வேண்டும்.

மேலே பாய்வது ஏன் ஆபத்து? 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழியலாம். வீசிங்கில் மூச்சுக்குழாய்கள் சுருங்கினாலும் காற்று இப்படித்தான் உள்ளே மாட்டும். ஆகவே கிளம்புமுன்பே நெஞ்சுநோய் மருத்துவரிடம் கோர்ஸுக்கான மருத்துவப் படிவத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தீவில் இறங்கிய பிறகு, காசு கட்டிவிட்டோமே என்று எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' போடத்தான் மனசு வரும்.

ஐந்தாம் நாள் திட்டத்தை மட்டும் அப்படியே கைவிடுங்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழியாக மாறி மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் டைவ் செய்தவருக்கு 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். கடைசி டைவ் நான்காம் நாளோடு முடியட்டும்; மறுநாள் ராதாநகர் கடற்கரைக்குப் போங்கள். புக் பண்ணும்போது திரும்பும் விமானம் எப்போது என்று கேட்காமலே பணம் வாங்குகிற கடை உங்களுக்கு வேண்டாம்.