நியூயார்க் மாநிலம்: நகருக்கு அப்பால்

நியூயார்க் என்னும் பெயரைக் கேட்டவுடன் விடுதலைச் சிலையும் வானளாவிய மாளிகைகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. தாயகத்திலிருந்து வரும் உற்றார் உறவினரையும் நாம் அங்குதான் முதலில் அழைத்துச் செல்கிறோம். மறுநாள் நேரே நயாகரா; அத்துடன் சுற்றுலா முற்றுப்பெறுகிறது. இடைப்பட்ட நானூறு மைல் வழியைப் பிள்ளைகள் மகிழுந்தில் உறங்கியே கழித்துவிடுகின்றனர்! நகரின் நிலப்பரப்பு ஏறத்தாழ 300 சதுர மைல். அதே பெயர் தாங்கிய மாநிலமோ ஏறத்தாழ 54,500 சதுர மைல். தமிழ்நாட்டைக் காட்டிலும் சற்றே பெரியது. நகரின் செல்வமும், அது நாள்தோறும் பருகும் நீரும் இந்த உள்நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் சார்ந்தே வந்தன.

முதலில் ஹட்சன் ஆற்றைக் காண்போம். நகரின் அருகே கடல்போல் அகன்று கிடக்கும் இவ்வாறு, வடக்கே அடிராண்டாக் மலைத்தொடரில் மார்சி சிகரத்தின் சரிவிலுள்ள ஒரு சிறு குளத்தில் பிறக்கிறது. 'முகிலின் கண்ணீர்' என்று பொருள்படும் பெயரை அக்குளத்திற்கு இட்டவர் கவியுள்ளம் படைத்தவராகத்தான் இருக்க வேண்டும். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் மார்சி; உயரம் 5,344 அடி. அதைச் சூழ்ந்துள்ள அடிராண்டாக் பூங்கா ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் பரப்புடையது. குறிஞ்சியும் முல்லையும் மயங்கிய நிலம் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு மரங்கள் கணக்கின்றி வெட்டப்பட்டன. காடு அழிந்தால் ஆறும் கால்வாயும் வற்றும், வாணிகம் நின்றுபோகும் என நகர வணிகர்கள் அஞ்சினர். 1892ஆம் ஆண்டு பூங்கா உருவாயிற்று. அரசுக்குரிய காட்டு நிலம் என்றென்றும் காடாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி 1894இல் மாநில அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. காட்டின்மீது கொண்ட அன்பினும் நீரைப் பற்றிய அச்சமே அதனைக் காத்தது எனலாம்.

அவ்வணிகர்கள் அஞ்சிய கால்வாய் எது? அதுவே ஈரிக் கால்வாய். ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஆல்பனியையும் ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோவையும் இணைக்க, 363 மைல் நீளத்திற்கு 1817 முதல் 1825 வரை இதனை வெட்டினர். ஆளுநர் டிவிட் கிளிண்டனின் இம்முயற்சியைக் 'கிளிண்டனின் பள்ளம்' என்று பலர் எள்ளி நகையாடினர். ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே ஏறத்தாழ 570 அடி உயர வேறுபாடு உண்டு. படகு மேடேறுவது எங்ஙனம்? நீர்ப்பூட்டு என்னும் அறைக்குள் படகு நுழைந்ததும் கதவை அடைத்து, மேற்புறத்து நீரை உள்ளே விடுவர். நீர்மட்டம் உயர உயரப் படகும் உயரும். பின்னர் முன்கதவு திறக்கும். இத்தகைய 83 பூட்டுகள் அன்று இருந்தன. லாக்போர்ட் என்னும் ஊரில் பாறையை உடைத்து ஐந்து படிகளாக அமைத்த பூட்டுகளைப் பிள்ளைகள் அவசியம் காண வேண்டும். புத்தகத்தில் பத்து முறை படிப்பதினும் ஒருமுறை பார்ப்பது மேல். கால்வாய் திறந்தபின் சரக்குக் கட்டணம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. உள்நாட்டுத் தானியமெல்லாம் நியூயார்க் துறைமுகத்தை நாடிற்று. அத்துறைமுகம் பிற நகரங்களை விஞ்சியது இவ்வாறுதான்.

இக்கால்வாய் சென்ற நிலம் ஆளற்ற நிலமன்று. 'நீள்மனை மக்கள்' எனப் பொருள்படும் ஹோடெனோசோனி என்னும் பெயருடைய தொல்குடிக் கூட்டமைப்பின் மண் அது. மோஹாக், செனகா முதலிய ஐந்து இனத்தார் கூடி அமைத்த அக்கூட்டமைப்பில் பதினெட்டாம் நூற்றாண்டில் டஸ்கரோரா இனத்தாரும் சேர்ந்தனர். ராச்செஸ்டர் நகருக்கு அருகே கனாண்டகன் என்னுமிடத்தில் மரப்பட்டையால் வேய்ந்த நீள்மனை ஒன்றை மீண்டும் எழுப்பியுள்ளனர். பல குடும்பங்கள் தாய்வழி உறவால் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த முறையை அங்கே அறியலாம்.

நயாகராவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. முன்னாளில் தனியார் வேலியிட்டு, அருவியைக் காணவே காசு வாங்கினர் என்பதும், 1885இல் அரசு நிலத்தை வாங்கி அனைவர்க்கும் பொதுவாக்கிற்று என்பதும் பலர் அறியாதவை. திரும்பும் வழியில் பனியாறுகள் குடைந்த பதினொரு விரல் ஏரிகள் உள்ளன. அங்குள்ள டாகனக் அருவி 215 அடி. உயரத்தில் நயாகராவையே விஞ்சும். அருகிலுள்ள செனகா ஃபால்ஸ் ஊரில்தான் 1848இல் பெண்ணுரிமை மாநாடு கூடிற்று. பெண் பிள்ளைகளைப் பெற்றோர் அங்கே ஒருமுறை அழைத்துச் செல்லல் நன்று.

இறுதியாகக் கேட்ஸ்கில் மலைகள். நகரின் குடிநீரில் பெரும்பகுதி இம்மலைப்புறத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. உயரத்திலிருந்து தாழ்விடம் நோக்கித் தன் எடையாலேயே ஓடி நகரை அடைகிறது. இவற்றுள் அஷோகன் நீர்த்தேக்கம் 1907 முதல் 1915 வரை கட்டப்பட்டது. அதற்காக ஏறத்தாழ 2,000 மக்கள் வீடு வாசல் இழந்து வெளியேறினர். இடுகாட்டிலிருந்த முன்னோரின் எலும்புகளையும் தோண்டி எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தனர். சொந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அத்துயரம் விளங்காததன்று. 2019இல் திறக்கப்பட்ட பதினொன்றரை மைல் நடைபாதை அந்நீரின் வடகரையை ஒட்டிச் செல்கிறது. மரங்கள் சிவக்கும் அக்டோபர் மாதம் அதற்கு உகந்தது. அவ்வட்டாரச் சாலையோரங்களில் மறைந்த சிற்றூர்கள் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகைகளும் உண்டு; வண்டியைச் சற்று நிறுத்தி, அவ்வூர்ப் பெயர்களைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.