பழைய காரின் எஞ்சினை இனங்காணுதல்

உடன்குடிப் பகுதியில் கருப்பட்டி விற்றுச் சேர்த்த பணத்தில் பழைய அம்பாசடர் கார் வாங்க எண்ணும் உழவர், முன்பணம் கொடுக்குமுன் அதன் எஞ்சினை அறிந்துகொள்ளுதல் நலம். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற இவ்வண்டிகளிற் பலவற்றில் வேறு எஞ்சின் பொருத்தப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

முதற்கண், எஞ்சினில் பொறித்துள்ள எண்ணைப் பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணுடன் ஒப்பிடுதல் வேண்டும். எண் அராவப்பட்டிருப்பின் அவ்வண்டியை விட்டுவிடுக.

அடுத்து, ஸ்பார்க் பிளக் இருப்பின் அது பெட்ரோல் எஞ்சின். அதற்குப் பதிலாக எரிபொருள் பம்பும் இன்ஜெக்டர்களும் இருப்பின் டீசல். பெட்ரோல் எஞ்சினிலும் 1489 சி.சி. கொண்ட பழைய வகையும், பின்னர் வந்த 1817 சி.சி. இசுசு வகையும் உண்டு. ஐயம் தீராவிடில் மெக்கானிக்கைக் கொண்டு ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கலாம். ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் எனில் பழையது. 84 எனில் இசுசு. வகை அறியாது வாங்கிய உதிரி உறுப்பு பொருந்தாது, பணம் வீணாகும்.

எஞ்சினை மாற்றப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஒப்புதலற்ற வண்டியால் பெயர் மாற்றத்திலும் காப்பீட்டிலும் தொல்லை நேரலாம். ஊராட்சி உறுப்பினர்கள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.