தொப்பி வேண்டாம், அலுமாரி வை

நாலந்தா

அன்பு மகளே,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. நம் விடுதியின் மேல்மாடி அறைக்குப் போர்த்துக்கேயக் கவிஞர் பெர்னாண்டோ பெசோவாவின் பெயர். சுவர் நிறைய அவருடைய தொப்பி, மூக்குக்கண்ணாடி, மீசை. பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. சுவர் பிடிக்கவில்லை.

பெசோவா (1888–1935) லிஸ்பனில் வாடகை அறைகள் பலவற்றில் மாறி மாறி இருந்தவர். வணிகர்களுக்கு வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். 1914 மார்ச் 8 அன்று உயரமான இழுப்பறை அலுமாரி ஒன்றின் முன் நின்றபடியே முப்பதுக்கு மேற்பட்ட கவிதைகளை எழுதித் தள்ளியதாக அவரே ஒரு கடிதத்தில் சொல்கிறார். கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தவர்கள் அது ஒருநாள் வேலையல்ல என்கிறார்கள். மனுசன் கதை கட்டுவதிலும் கெட்டிக்காரர்! அந்தக் கவிதைகளுக்குக்கூடத் தன் பெயரைப் போடாமல், தான் கற்பனையில் படைத்த அல்பெர்ட்டோ கயெய்ரோவின் பெயரைத்தான் போட்டார். இறந்தபின் அவருடைய பெட்டியில் 25,000க்கும் அதிகமான தாள்கள் இருந்தன.

ஆகவே அந்த அறைக்கு வேண்டியது நின்று எழுதத்தக்க ஓர் அலுமாரி, ஒரு றங்குப்பெட்டி, அது நிறைய வெறுந்தாள், நல்ல விளக்கு. வருகிறவர் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும். விரும்பினால் வேறு பெயரில்.

'போர்த்துக்கேயருக்கும் நாலந்தாவுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்பார்கள். பொய் சொல்லாதே. பெசோவா இலங்கைக்கு வந்ததே இல்லை. 1505இல் கரையிறங்கிய போர்த்துக்கேயர் 1658இல் யாழ்ப்பாணத்தையும் இழந்து போனார்கள். நம் நாலந்தா இருக்கும் மாத்தளை அடங்கிய கண்டி இராச்சியம் கடைசிவரை அவர்களுக்கு வசப்படவில்லை. அவர்களுடைய சொற்கள்தாம் மலையேறின. அந்த அறைக்குள் நின்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்: மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், சாவி, துவாய். எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. காலையில் நீ கொடுக்கப் போகிற பாணும் அப்படித்தான்.

முகம் வரையாமலே மூலம் தெரியும் என்பதற்கு, நம் கெடிகே என்ற பழைய கற்கோயிலைப் பார். பொவதென்ன நீர்த்தேக்கத்தில் அமிழாதிருக்க 1970களில் கல் கல்லாகக் கழற்றி, பிறகு மேட்டில் திரும்பக் கட்டினார்கள். பல்லவச் சாயல் அந்தக் கல்லிலேயே தெரிகிறது. பல்லவ மன்னன் எவனுடைய முகத்தையும் அங்கே யாரும் வரைந்து வைக்கவில்லை.

சுண்ணாம்பு அடிக்கும்போது மீசையையும் சேர்த்து அழித்துவிடு. மரவேலை பாஸிடம் (இது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், இன்னொரு நாள் பேசுவோம்) அலுமாரியின் உயரத்தை இப்போதே சொல்லி வை: நிற்கிறவரின் நெஞ்சளவு.

உன் பெரியப்பா