கல்லு காம்பவுண்டும் கைபேசியும்

நம்பிக்கை: மனம் வைத்தால் கள்ளை இன்றே நிறுத்திவிடலாம், மருத்துவர் எதற்கு?

உண்மை: தெலங்கானாவில் இந்த நம்பிக்கை உயிரையே வாங்கிவிடும். ஹைதராபாத்தில் கல்லு காம்பவுண்டு எனப்படும் கள்ளுக்கடைகளிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் விற்பதெல்லாம் மரத்திலிருந்து இறக்கிய கள் அல்ல. குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம், அல்பிரசோலம் கலந்த கள்ளும் விற்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைக் குடித்தவரின் மூளை அந்த மருந்துகளுக்குப் பழகிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், இல்லாத உருவங்கள் தெரியும், வலிப்பும் வரும். 2015-இல் அரசு கலப்படக் கள்ளுக்கு எதிராகக் கெடுபிடி காட்டியபோது நிஜாமாபாத், மகபூப்நகர் பகுதிகளில் இப்படித்தான் ஏராளமானோர் மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். குடிப்பதைத் தொடர்வதும் ஆபத்துதான்: 2025 ஜூலையில் ஹைதராபாத்தின் குகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்தவர்களில் பலர் இறந்தே போனார்கள். ஆகவே நிறுத்த வேண்டும், ஆனால் நிறுத்தும் முதல் சில நாட்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். அந்தக் கட்டத்தில் எந்தச் செயலியும் உதவாது. ஆன்லைன் சிகிச்சையைப் பரிந்துரைக்கும் நான் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை: ஆன்லைன் சிபிடி என்பது போனில் கேட்கும் புத்திமதி.

உண்மை: புத்திமதியைக் குடிப்பவர் வீட்டிலேயே போதுமான அளவு கேட்டிருப்பார். சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை ஒரு பயிற்சி. நாற்று நட்டு முடித்த மாலை, உடம்பு வலி, கையில் கூலி, காம்பவுண்டு வழியாக வீடு திரும்பும் பாதை: ஆசை எங்கே கிளம்புகிறது என்று அவரே குறித்துவைக்கிறார். அது அலை போல ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும் என்பதை அனுபவத்தில் கண்டுகொள்கிறார். கூட்டாளி கூப்பிட்டால் சொல்ல வேண்டிய பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறார். இதைத் திரை வழியாகவும் கற்றுக்கொடுக்கலாம். யேல் பல்கலைக்கழகத்தின் கேத்லீன் கரோல் குழு 2008-இல் போதைக்கு அடிமையான 77 பேரிடம் இதைச் சோதித்தது. வழக்கமான சிகிச்சையோடு கணினிவழி சிபிடியும் பெற்றவர்களின் சிறுநீர்ப் பரிசோதனைகளில் போதைப்பொருள் குறைவாகவே தென்பட்டது.

நம்பிக்கை: இதெல்லாம் நகரத்துப் படித்தவர்களுக்கு.

உண்மை: கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்கத் அமைப்பு நடத்திய ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதில் ஆலோசனை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். தீங்கு தரும் அளவுக்குக் குடித்த 377 ஆண்களில், ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் அந்த நிலையிலிருந்து மீண்டார்கள். மற்றவர்களில் 26 விழுக்காடு. அது நேரில் நடந்தது, கடுமையாக அடிமையானவர்கள் அதில் இல்லை. ஆனாலும் பேசத் தெரிந்த உள்ளூர் மனிதர் ஒருவர் கூட இருந்தால் கிராமத்திலும் இது பலிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது என்று 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மிச்சம் 37 பேரும் ஹைதராபாத்தின் எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்குப் பஸ் ஏறி வரும்வரை காத்திருப்பது நியாயமா?

நம்பிக்கை: எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஒரு செயலி போதும்.

உண்மை: போன் மகன் கையில் இருக்கும். தெலங்கானாவில் பெண்களும் கள் குடிக்கிறார்கள். மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும் ஒற்றை அறையில் ஒரு பெண் தன் ஆசையைப் பற்றி எப்படிப் பேசுவாள்? டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டுக்கும் கட்டணமில்லை. முதல் அழைப்புக்கு அவை நல்ல வாசல். அடுத்தடுத்த வாரங்களுக்குத் துணை சுகாதார நிலையத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், அங்கே ஒரு போனும், தெலுங்கில் பேசும் ஆலோசகரும் வேண்டும்.