மருத்துவமனைத் தகவல் தொடர்பு: எதற்கு முதலிடம்?

மருத்துவமனைக்குத் தகவல் தொடர்புத் திட்டம் என்றதும் பேச்சு செயலியில்தான் தொடங்குகிறது. 100 படுக்கை உள்ள ஊர் மருத்துவமனைக்கு என்றால் நான் செயலியைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது ஐசியு வாசலை. கதவு திறக்கும்போதெல்லாம் நோயாளியுடன் வந்த அட்டெண்டர் எழுந்து நிற்கிறார். சிஸ்டரைக் கேட்டால் "டாக்டர் சொல்வார்" என்கிறார். டூட்டி டாக்டரோ "பெரிய டாக்டர் வரட்டும்" என்கிறார். பில்லிங் கவுன்ட்டர் மட்டும் தவறாமல் கூப்பிடுகிறது. சண்டை மூள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

ஆகவே முதலிடம் நேர்ப்பேச்சுக்கு. தினமும் குறித்த நேரத்தில், நோயாளியைப் பார்க்கும் டாக்டரே, குடும்பத்தார் அட்மிஷனின்போது பெயர் கொடுத்த ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதற்கு நாற்காலி போட்ட சின்ன அறை போதும். கெட்ட செய்தி சொல்வதற்கென 2000இல் புற்றுநோய் மருத்துவர்களுக்காக வெளியான ஸ்பைக்ஸ் முறையில் ஆறு படிகள் உண்டு. செய்தி கேட்பவரைத் தனியிடத்தில் உட்கார வைப்பது முதல் படி. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது அடுத்தது. வராந்தாவில் நின்றபடி சொல்லும்போது இந்த இரண்டுமே விட்டுப்போகின்றன.

வீட்டுக்குப் போயிருக்கும் குடும்பத்தாருக்குத் தொலைபேசி. நிலை திடீரென மோசமானால் டாக்டரே அழைக்க வேண்டும். குறுஞ்செய்தியில் சொல்லவே கூடாது.

குறுஞ்செய்தி, மறுபரிசோதனைத் தேதிக்கும் 'ரிப்போர்ட் ரெடி' என்று சொல்லவும் நல்லது. ஆனால் ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 எழுத்துதான் கொள்ளும். கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். 'மணிக்கு' என்ற சொல்லே 7 இடம் பிடிக்கும். செலவு கூடுகிறதே என்று ஆங்கிலத்தில் அனுப்பாதீர்கள். வாசகத்தைச் சுருக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் மருந்துச்சீட்டும் மருத்துவமனைக்கு வரும் வழியும் அனுப்பலாம், அதுவும் நோயாளி சம்மதித்த எண்ணுக்கு மட்டும். ஸ்கேன் படத்தை ஊழியர் குழுவில் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது.

உள்ளுக்குள் நடக்கும் பேச்சும் திட்டத்தில் சேர்ந்ததுதான். "பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்கார் சார்" என்று இரவு 2 மணிக்கு வரும் போனை வைத்து டாக்டர் என்ன முடிவெடுப்பார்? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த எஸ்பார் முறையில் நிலை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என நான்கையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். "12ஆம் பெட், பிபி 80க்கு 50. நேற்று குடல் ஆபரேஷன். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம். உடனே வாங்க சார்." பத்து விநாடிப் பேச்சு. பயிற்சி தவிர வேறு செலவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசியும் சேர்ந்தே நின்றன. அதனால் அட்டெண்டர், டாக்டர், ஆக்சிஜன் சப்ளையர் எண்களும் முகவரிகளும் தாளிலும் இருக்கட்டும்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் செயலியைத் தள்ளிப்போடுங்கள். இரவு ஷிஃப்டுக்குப் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒரு பிஆர்ஓவை நியமியுங்கள்.