ஊசிப்போன வாடை வரவில்லை, சாப்பிடலாமா?

நம்பிக்கை: மிஞ்சிய சோற்றை நன்றாகச் சூடு பண்ணினால் கிருமி செத்துவிடும்.

உண்மை: கிருமி சாகும், அது கக்கிய நச்சு சாகாது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வீட்டுக்கு வருகின்றன. உலை கொதித்தாலும் அவை தாக்குப்பிடிக்கும். வடித்த சோற்றை மூடி அடுப்படியிலேயே விட்டால், வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அந்த நச்சு அழியாது. குக்கருக்குள் இருக்கும் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். எலுமிச்சை சாதமாகக் கிளறினாலும் தாளித்துப் புரட்டினாலும் பலனில்லை. 1970களில் பிரிட்டனின் சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்தது இதனால்தான்: வேகவைத்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்து, பிறகு வாணலிக்குப் போயிருந்தது.

மூக்கை நம்புவதும் இங்கே உதவாது. ஊசிப்போன வாடை வருவதற்கு முன்பே நச்சு சேர்ந்துவிடலாம். மிஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

அப்படியானால் பழைய சோறு? தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. மற்றக் கிருமிகளைத் தடுப்பது அந்தப் புளிப்புதான். மதியம் வடித்ததை இரவுவரை சும்மா வைத்திருந்து, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுவது வேறு கதை. அதற்குள் நச்சு உண்டாகியிருந்தால் புளிப்பால் அதைப் போக்க முடியாது. சூடு ஆறியதுமே ஊற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: தண்ணீரில் மிதக்கும் முட்டை கெட்டது, மூழ்குவது நல்லது.

உண்மை: நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகும். மிதப்பது வயதைத்தான் காட்டுகிறது. சால்மொனெல்லா உள்ள முட்டையும் அழகாக மூழ்கும். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைப்பதே பாதுகாப்பு.

நம்பிக்கை: பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைத் துடைத்து வறுத்தால் போதும்.

உண்மை: இதில் சிக்கனமே பார்க்காதீர்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் வறுத்தாலும் முழுதாகப் போகாது. நாள்பட உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நச்சு உலகுக்குத் தெரிந்தது; அவற்றின் தீவனத்தில் கலந்திருந்தது கடலைப் புண்ணாக்கு. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்பை அப்படியே குப்பையில் போடுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், அந்த நச்சின் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்கும்.